குன்னூர் வீட்டுத் தோட்டத்தில் உள்ள தைம், ஓரிகானோ, ரோஸ்மேரி நம் சமையலுக்கும் சளி இருமலுக்கும் ஆகுமா?

குன்னூரில் புதிதாகக் குடியேறிய வீட்டில் இந்த மூன்றும் புதராக வளர்ந்திருக்கின்றன, பீட்சாவைத் தவிர வேறு எதற்குப் போடுவது, ஓமவல்லியைப் போல மருந்துக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே உதவும். தயவுசெய்து பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

தைம் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், ஓமத்தின் மணம் வரும். இரண்டிலும் இருப்பது தைமால் என்ற அதே வாசனைப் பொருள். ஓரிகானோவுக்கும் ஓமவல்லிக்கும் அப்படித்தான், கார்வக்ரால் பொது. ஆகவே, ஓமம் போடும் இடத்தில் தைம் போடலாம். கோத்தகிரியில் எங்கள் வீட்டில் அவரைக்கொட்டையோ பச்சைப் பட்டாணியோ வேகும்போது இரண்டு கொத்து தைம் விழாமல் இருக்காது. அடை மாவில் கறிவேப்பிலையோடு ஓரிகானோவையும் கிள்ளிப் போடுவோம். காய்ந்த இலைக்கு வீரியம் அதிகம், பச்சை இலையில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

ரோஸ்மேரியின் போக்கு வேறு. அதன் இலை முரடு, கடைசியில் தூவினால் வாயில் குத்தும். எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஒரு கொத்தைப் போட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் பூண்டையும் வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கையும் வறுங்கள். ஊட்டி உருளைக்கிழங்குக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. ஆட்டுக்கறி வறுவலுக்கும் இதே முறைதான்.

இனி மருந்து. தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் காய்ந்த தைம் ஒரு தேக்கரண்டி, கொதித்த நீர் ஒரு டம்ளர். மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்து வடிகட்டித் தேன் சேர்த்துக் குடியுங்கள். மூடாவிட்டால் வேலை செய்ய வேண்டிய எண்ணெய் ஆவியோடு போய்விடும். ஓமவல்லி இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து கொடுப்பது நம் வீடுகளின் பழைய பழக்கம், அதையும் விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இவை தொண்டைக்கு இதம் தருமே தவிர, நோயின் வேரை அறுக்காது. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால், கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லியாக வேண்டும். இலை வேறு, தைலம் வேறு. நம் மலையில் கடைக்குக் கடை கற்பூர மரத் தைலமும் (யூகலிப்டஸ் தைலம்தான்) விண்டர்கிரீன் தைலமும் கிடைக்கின்றன. "இயற்கையானதுதானே" என்று அவற்றைச் சர்க்கரையில் சொட்டு விட்டு விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. விண்டர்கிரீன் தைலம் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 300 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கும் மேல்! சின்னக் குழந்தையின் உயிரை எடுக்க அது போதும். மூட்டு வலிக்கு வெளியே தடவுங்கள், பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யூகலிப்டஸ் தைலத்தையும் உள்ளே கொடுக்காதீர்கள், கைக்குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள்.

வளர்ப்பு எளிது. தேயிலைக்குப் பிடித்த நம் அமில மண் தைமுக்கும் ரோஸ்மேரிக்கும் அவ்வளவாகப் பிடிக்காது, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் மேட்டுப்பாத்தி நல்லது. ஓமவல்லியும் வைக்க ஆசையிருந்தால், அது உறைபனி தாங்காது என்பதை நினைவில் வையுங்கள். டிசம்பருக்கு முன்பே நாலைந்து கிளைகளை ஒடித்துத் தொட்டியில் நட்டு வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.