ஐந்து தோழிகள், ஒரே ரூம்: நகர மையத்தில் எப்படித் தங்குவது?

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் பல வருடங்களுக்குப் பிறகு ஒன்றாக மூன்று இரவுகள் வெளியூர் போகிறோம். நகரத்தின் மையத்திலேயே, ஒரே ரூமில் தங்க ஆசை. இணையத்தில் தேடினால் எல்லா ரூமும் இரண்டு பேருக்குத்தான் என்று வருகிறது. இரண்டு பேர் பெயரில் போட்டுவிட்டு மற்றவர்கள் பின்னால் போய்விடலாம் என்கிறாள் ஒருத்தி. ஊருக்கு வெளியே மலிவாக எடுக்கலாம் என்கிறாள் இன்னொருத்தி. ஒருத்திக்கு முட்டி வலி. எனக்குக் குறட்டைப் பழக்கம் உண்டு, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், பின்னால் போய்விடலாம் என்ற யோசனையை இன்றே கைவிடுங்கள். ஒரு ரூமில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு கட்டணத்துக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. தீப்பிடித்தால் எத்தனை பேர் எந்த வழியாக வெளியேற முடியும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் ஊழியர்கள் கையில் இருப்பது பதிவேட்டில் உள்ள பெயர்கள்தான். அதில் இல்லாத மூன்று பேரை யார் தேடுவார்கள்? போதாததற்கு, பல நாடுகளில் தங்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பதிவு செய்வது சட்டம். கார்டு காட்டினால்தான் லிஃப்டே நகரும் ஹோட்டல்களும் உண்டு. பிடிபட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அல்லது வெளியே போகச் சொல்வார்கள். இத்தனை வருடம் கழித்துச் சந்திக்கும் தோழிகளில் மூன்று பேர் ஒளிந்து ஒளிந்து நடக்க வேண்டுமா?

சரி, ஐந்து பேருக்கு ஒரே ரூம் கிடைக்குமா? நகர மையத்தில் அரிது. அங்கே இடத்தின் விலை அதிகம் என்பதால் ரூம்களைச் சின்னதாகவே கட்டுகிறார்கள், அதுவும் வேலை விஷயமாக வரும் ஒருவரையோ இருவரையோ மனதில் வைத்து. பெரும்பாலான இடங்களில் நான்கு பேர்தான் உச்ச வரம்பு. அந்த நான்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நான்கு பேர்’ என்று போட்டிருப்பது இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்ற கணக்காக இருக்கலாம். அதனால் தேடும்போது பெரியவர்கள் ஐந்து என்று உண்மையான எண்ணிக்கையையே போடுங்கள். தேடுபொறி தானாகக் காட்டும் ‘இரண்டு பேர், ஒரு ரூம்’ என்பதை மாற்றாமல் விட்டால், வரும் விலை எதுவும் உங்களுக்கானது இல்லை.

விலையைப் பார்க்கும் முன் கட்டில் விவரத்தைப் படியுங்கள். ட்வின் என்றால் ஒற்றைக் கட்டில் இரண்டு. டபுள் ரூம் என்றால் இரண்டு பேர் படுக்கும் ஒரே கட்டில். இதைப் புரிந்துகொள்ளாமல் புக் செய்துவிட்டு வாசலில் போய்த் திகைப்பவர்கள் ஏராளம். டபுள் கட்டில் பொதுவாக நாலரை அடி அகலம், குயின் ஐந்து அடி, கிங் ஆறு அடிக்குச் சற்று மேல். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். டபுள் கட்டிலில் இரண்டு பெரியவர்கள் படுத்தால் ஆளுக்கு இரண்டேகால் அடிதான் கிடைக்கும். கைக்குழந்தையின் தொட்டில் கட்டில் மெத்தையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு இரவு என்றால் சமாளிக்கலாம். மூன்று இரவு என்றால் மூன்றாம் நாள் காலை யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. இரண்டு பேர் ஒரு கட்டிலைப் பகிர்வதென்றால் குயினுக்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

சோஃபா பெட், எக்ஸ்ட்ரா பெட் இரண்டையும் நம்பிக் கணக்குப் போடும்போதும் கவனம் வேண்டும். சோஃபா பெட் பெரும்பாலும் பாத்ரூமுக்குப் போகும் வழியில் இருக்கும். அதில் படுப்பவர்தான் கடைசியாகத் தூங்கி முதலில் எழுந்திருப்பார். எக்ஸ்ட்ரா பெட் ஒரு ஹோட்டலில் சிலதான் இருக்கும், இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள், சின்ன ரூம்களில் போடவே மாட்டார்கள். உறுதி என்று எழுத்தில் பதில் வரும்வரை அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலைவிடப் பெரிய விஷயம் பாத்ரூம். ஐந்து பேரும் ஆளுக்கு இருபது நிமிடம் எடுத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிவிடும். தலைக்குக் குளிக்கும் நாளில் சொல்லவே வேண்டாம். முதலில் குளிப்பவர் விடியும் முன்பே எழ வேண்டும், கடைசியாகக் குளிப்பவருக்காக மற்ற நால்வரும் கிளம்பி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இரண்டு பாத்ரூம் உள்ள இடம்தான் உங்களுக்குத் தேவை. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், முதலில் சர்வீஸ் அபார்ட்மென்ட், அதாவது நாள் வாடகைக்குக் கிடைக்கும் வீடு, தேடுங்கள். இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம், நடுவில் ஒரு ஹால். நீங்கள் போவது பேசத்தானே? ஹோட்டல் ரூமில் ஐந்து பேர் உட்கார நாற்காலியே இருக்காது. கட்டிலில் நெருக்கி உட்கார வேண்டும், ஒருத்திக்குத் தூக்கம் வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். ஹால் இருந்தால் தூங்குபவர் தூங்கலாம், விழித்திருப்பவர் விடிய விடியப் பேசலாம். ஆனால் சுத்தம் செய்யும் கட்டணத்தையும் சேர்த்து மொத்த விலையைப் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா, சாவியை யார் தருவார்கள், செக்-இன் நேரத்துக்கு முன்பே வந்தால் பெட்டியை எங்கே வைப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அது அமையவில்லை என்றால் கனெக்டிங் ரூம்கள் இரண்டு. இரண்டு ரூமுக்கும் இடையே உள்ளேயே கதவு இருப்பதுதான் கனெக்டிங். பக்கத்துப் பக்கத்து ரூம் என்று மட்டும் சொன்னால் ஒவ்வொரு முறையும் நடைபாதை வழியாகத்தான் போய்வர வேண்டும். ஹில்டன் ஹோட்டல் குழுமம் 2021-இல் கனெக்டிங் ரூம்களை புக்கிங் செய்யும்போதே உறுதி செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. பல இடங்களில் இன்னும் அது வெறும் வேண்டுகோள்தான், கிடைத்தால் தருவார்கள். ஹோட்டலுக்கே நேரடியாக போன் செய்து கேளுங்கள். ஒரு ரூமில் குயின் கட்டில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று என்று கிடைத்தால் உங்கள் ஐந்து பேருக்குத் தாராளம்.

ஊருக்கு வெளியே போகலாம் என்ற தோழிக்கு ஒன்று சொல்லுங்கள். சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏற முடியும். ஐந்து பேர் என்றால் இரண்டு வண்டி அல்லது பெரிய வண்டி. போக, வர, அதுவும் இரவில், மூன்று நாளும். ரூமில் மிச்சப்படுத்தியது பெரும்பாலும் அதிலேயே போய்விடும். அலுவலகங்கள் நிறைந்த மையப் பகுதிகளில் வேலை விஷயமாக வருபவர்கள் வெள்ளிக்கிழமையோடு கிளம்பிவிடுவதால், வார இறுதியில் ரூம் விலை இறங்குவது உண்டு. பெரிய மாநாடோ விளையாட்டுப் போட்டியோ அந்தத் தேதியில் இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுச் சத்தம் தொந்தரவு என்றால் தெருப்பக்கம் இல்லாத, லிஃப்டுக்குத் தள்ளியிருக்கும் ரூம் கேட்கலாம்.

முட்டி வலி உள்ள தோழிக்காக, தொட்டிக்குள் ஏறிக் குளிக்க வேண்டியிருக்குமா, நேராக நடந்து போகும் ஷவரா என்று விசாரியுங்கள். வழுவழுப்பான தொட்டி விளிம்பைத் தாண்டுவது அவருக்கு வலி மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

உங்கள் குறட்டையைப் பற்றி. தயங்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் தெரிவதைவிட புக்கிங்குக்கு முன் தெரிவது எல்லோருக்கும் நல்லது. ஐந்து என்பது ஒற்றைப்படை எண், இரண்டு இரண்டு பேராகப் பிரித்தால் ஒருவருக்குத் தனிப் படுக்கை வரும். ஹாலில் இருக்கும் சோஃபா பெட்டை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்களைப் போலவே வேறு யாருக்காவது குறட்டை உண்டு என்று அப்போது தெரியவந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம் பணம். யார் பெயரில், யார் கார்டில் புக்கிங் போடப்போகிறீர்களோ, முன்பணமும் சேதக் கட்டணமும் அவர் தலையில்தான் விழும். ஆகவே கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய வகையையே எடுங்கள். ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்பே ஐந்து பேரிடமும் பங்கை வாங்கிவிடுங்கள். யாராவது வரவில்லை என்றால் அந்த ஒரு வாரத்தில் சின்ன இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கும். சில நகரங்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி தனியாக உண்டு, கார் நிறுத்தவும் மையப் பகுதியில் தனிக் கட்டணம் வாங்குவார்கள். பங்கைப் பிரிக்கும் முன் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோஃபாவில் படுப்பவருக்குப் பங்கைக் கொஞ்சம் குறைப்பது நியாயம் என்பது என் கருத்து, ஆனால் அதை ஐந்து பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

புக்கிங் முடிந்ததும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரியவர்கள் ஐந்து பேர், கட்டில்கள் இத்தனை, ஒரு நடந்து போகும் ஷவர், வரும் நேரம் இது என்று. பதில் வந்தால் அதை போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் வேறு ரூமைக் காட்டினால், வாக்குவாதம் இல்லாமல் அதை எடுத்துக் காட்டிப் பேசலாம்.