தொலைந்த பொருள் எந்த வழியாகப் போகும்? கேள்வி பதில்

கேள்வி: பஸ்ஸில் பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன் சார். ஒரு மணி நேரத்துக்குள் பஸ் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு போன் செய்தால் "அப்படி எதுவும் வரலையே" என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: அந்த "வரலையே"வுக்கு "இன்னும் நோட்டில் ஏறவில்லை" என்றுதான் அர்த்தம். நடத்துநர் கண்ணில் பட்டு எடுத்து வைத்திருந்தாலும், ஷிஃப்ட் முடியும்வரை பை அந்த வண்டியோடுதான் சுற்றும். யார் கண்ணிலும் படாமல் சீட்டுக்கு அடியில் கிடந்தால், ராத்திரி டிப்போவில் வண்டியைக் கூட்டும்போதுதான் வெளியே வரும். பதிவு மறுநாள் நடக்கும். டிப்போவிலிருந்து மைய அலுவலகத்துக்குப் போக இன்னும் சில நாள் பிடிக்கலாம்.

அதனால் மூன்று தடவை கேளுங்கள்: இன்றே ஒரு முறை, நாளை முற்பகல் டிப்போவுக்கே நேரில் போய் ஒரு முறை, நான்கைந்து நாள் கழித்து மைய அலுவலகத்தில் ஒரு முறை. முதல் "இல்லை"யோடு நிறுத்திக்கொள்பவர்களின் பொருள்தான் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்குகிறது.

இறங்கிய கையோடு ஞாபகம் வந்துவிட்டால் வேறு வழியும் உண்டு. அந்த வண்டி கடைசி நிறுத்தம் போய்த் திரும்பித்தான் ஆகவேண்டும். அங்கிருக்கும் நேரக் காப்பாளருக்குத் தகவல் போனால், வண்டி நிற்கும்போதே பார்த்துவிடலாம். வழித்தட எண், போன திசை, ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம் ஐந்தையும் சொல்லுங்கள். டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். அதில் அச்சாகியிருக்கும் நேரத்தையும் எண்களையும் வைத்து எந்த வண்டி என்று பிடித்துவிட முடியும்.

கேள்வி: புகாரில் என்ன எழுதுவது? "கறுப்பு பேக், உள்ளே துணிமணி, முக்கியமான பேப்பர்கள்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பதில்: அந்த அலமாரியில் கறுப்பு பேக் மட்டும் முப்பது இருக்கும். உங்கள் தாளையும் அவர்கள் நோட்டையும் பொருத்திப் பார்க்கப்போகிறவர் உங்கள் பையை முன்னே பின்னே பார்த்ததில்லை. அவர் கண்ணுக்கு எது தெரியுமோ அதை எழுதவேண்டும். இப்படி:

"கருநீல முதுகுப்பை (பார்க்கக் கறுப்பாகவும் தெரியும்). முன்பக்கம் இரண்டு ஜிப். இடது ஜிப்பின் பிடி உடைந்து, அதற்குப் பதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. உள்ளே ஸ்டீல் தண்ணீர் பாட்டில், அடியில் ஒரு நெளிசல். சாம்பல் நிறச் சட்டை ஒன்று. பிளாஸ்டிக் உறையில் நான்கு தாள்கள்."

"கறுப்பாகவும் தெரியும்" என்பதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. டியூப் லைட் வெளிச்சத்தில் கருநீலத்தைக் கறுப்பு என்றுதான் எழுதுவார்கள். அரக்கைப் பழுப்பு என்பார்கள். நிறத்தை மட்டும் நம்பினால் தேடலில் சிக்காது. பிராண்டு பெயர் வெளியே தெரிகிறதென்றால் அதே எழுத்துகளில் எழுதுங்கள். கேமரா, லேப்டாப் என்றால் சீரியல் எண் முக்கியம். பில்லில் இருக்கும், பெட்டியில் இருக்கும்.

இன்னொன்று. ஏதாவது ஓர் அடையாளத்தை எழுதாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உள் பாக்கெட்டில் என்ன இருக்கிறது, பர்ஸில் இருக்கும் போட்டோவில் யார் இருக்கிறார்கள், இப்படி ஏதாவது. பொருள் கிடைத்து "உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது?" என்று கேட்கும்போது அதைச் சொல்லுங்கள். இணையத்தில் "காணவில்லை" என்று போடுகிறவர்கள் எல்லா அடையாளத்தையும் கொட்டிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வேறொருவர் போய் உரிமை கொண்டாட எவ்வளவு நேரமாகும்?

கேள்வி: போன் தொலைந்தால் முதலில் சிம்மைத்தானே பிளாக் செய்யவேண்டும்?

பதில்: இரண்டாவதாக. சிம் செத்ததும் போனுக்கு மொபைல் டேட்டா போய்விடும். பிறகு நீங்கள் அனுப்பும் "லாக் ஆகு" என்ற கட்டளை, பழக்கப்பட்ட வைஃபை எதிலாவது இணைந்தால் ஒழிய, அதைச் சென்றடையாது. இருக்குமிடமும் தெரியாமல் போகலாம். எனவே முதலில் வேறொரு போனிலிருந்து, ஐபோன் என்றால் ஃபைண்ட் மை, ஆண்ட்ராய்டு என்றால் ஃபைண்ட் ஹப் திறந்து, தொலைந்ததாகக் குறித்து லாக் செய்யுங்கள். திரையில் தெரியும்படி வேறொரு தொடர்பு எண்ணைப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

அடுத்த நிமிடம் சிம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. போன் லாக் ஆகியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வந்து விழும். சிம்முக்கே ரகசிய எண் (PIN) வைத்திருந்தால் இந்த ஆபத்து இல்லை. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். அந்த வசதி எல்லா போனிலும் இருக்கிறது, வைத்திருப்பவர்கள்தான் குறைவு.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: கூகுள் கணக்கில் நுழையப் போனால், சரிபார்ப்புக் குறியீடு அந்தத் தொலைந்த போனுக்கே போகும்! ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் கணினி இருந்தால் அதில் முயலுங்கள். கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளை (backup codes) முன்பே எடுத்துத் தாளில் எழுதி வீட்டில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஐகிளவுட் தளத்தில் சாதனத்தைத் தேடும் பக்கத்துக்கு மட்டும் அந்தக் குறியீடு தேவையில்லை, பாஸ்வேர்டு போதும்.

மூன்றாவதாக வங்கி, பணம் அனுப்பும் செயலிகள். அதற்குப் பிறகுதான் ஐஎம்இஐ (போன் கருவிக்கே உரிய அடையாள எண்) தடை, காவல் நிலையம் எல்லாம்.

கேள்வி: ஐஎம்இஐ பிளாக் செய்தால் போன் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

பதில்: தெரியாது. அது 15 இலக்க எண். தடை போட்டால் அந்தக் கருவியை மொபைல் நெட்வொர்க்குகள் சேர்த்துக்கொள்ளாது, அவ்வளவுதான். வைஃபையில் அது பாட்டுக்கு ஓடும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் உண்டு, இரண்டையும் கொடுக்கவேண்டும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறியிருந்தால் பெட்டியிலும் பில்லிலும் பாருங்கள். போன் திரும்பக் கிடைத்தால் தடையை நீக்கச் சொல்லி மறுபடி விண்ணப்பிக்கவேண்டும், தானாக நீங்காது.

கேள்வி: ஐபோன் தொலைந்து நாலு நாள் கழித்து, "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்குமிடம் பார்க்க இங்கே லாகின் செய்யவும்" என்று மெசேஜ் வந்தது. சந்தோஷத்தில் தட்டப் போனேன்…

பதில்: தட்டாதீர்கள். திரையில் நீங்கள் போட்ட எண்ணை வைத்து, போன் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் விரிக்கும் வலை அது. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு கிடைத்தால்தான் ஆக்டிவேஷன் லாக்கை, அதாவது போனை உங்கள் கணக்கோடு கட்டிவைக்கும் பூட்டை, உடைக்க முடியும். அது இல்லாமல் அந்த போன் அவர்களுக்கு உதிரிபாக விலைக்குத்தான் போகும். தூரத்திலிருந்தே எல்லாத் தகவலையும் அழித்தாலும் லாக் நிற்கும். ஆனால் "கணக்கிலிருந்து நீக்கு" என்பதை மட்டும் அழுத்திவிடாதீர்கள், அது சாவியை நாமே கொடுப்பது மாதிரி.

கேள்வி: பர்ஸ் போச்சு. பணம் போனால் போகட்டும், கார்டுகள், அடையாள அட்டை, வீட்டுச் சாவி எல்லாம் அதிலேயே இருந்தது.

பதில்: சாவியிலிருந்து ஆரம்பியுங்கள். அடையாள அட்டையில் முகவரி, பக்கத்திலேயே சாவி. இந்த ஜோடி தொலைந்தால் பூட்டை அன்றே மாற்றவேண்டும். கதவுப் பூட்டு முழுவதையும் கழற்றத் தேவையில்லை, பல வகைகளில் உள்ளே இருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றலாம்.

கார்டுகளுக்கு இரண்டு கட்டம் இருக்கிறது. வீட்டிலேயே எங்காவது வைத்திருப்பேனோ என்ற சந்தேகம் இருந்தால், வங்கிச் செயலியில் தற்காலிக முடக்கம் போட்டுவிட்டுத் தேடுங்கள். அதைப் பிறகு எடுத்துவிடலாம். நிரந்தரமாக பிளாக் செய்தால் புது கார்டுதான், பழையது கிடைத்தாலும் உயிர் வராது. வங்கிக்குச் சொன்ன நேரத்தையும் அவர்கள் தரும் குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். அதற்குப் பின் நடந்த செலவு யார் தலையில் என்ற கேள்வி வந்தால் அந்த நேரம்தான் பேசும்.

கேள்வி: தொலைந்தது என்று புகார் கொடுத்த பாஸ்போர்ட் அலமாரிக்குப் பின்னால் கிடைத்துவிட்டது. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. தொலைந்ததாகப் பதிவானதும் அது ரத்து. தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கு இன்டர்போல் 2002 முதல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. எண் அதில் ஏறியிருந்தால் எல்லையில் மடக்குவார்கள். புது பாஸ்போர்ட்தான் வழி. அதனால் மற்ற பொருள்களுக்கு "உடனே சொல்லுங்கள்" என்றாலும், பாஸ்போர்ட்டுக்கு மட்டும் வீட்டை ஒரு முறை தலைகீழாகப் புரட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: விமானத்தில் போட்ட பெட்டி வரவில்லை. வீட்டுக்குப் போய் மெயில் அனுப்பினால் போதுமா?

பதில்: பெட்டி வரும் கூடத்தை விட்டு வெளியே வருமுன் விமான நிறுவனத்தின் லக்கேஜ் மேசையில் பதிவு செய்யுங்கள். பத்து எழுத்து கொண்ட குறிப்பு எண் தருவார்கள்: மூன்று எழுத்து விமான நிலையம், இரண்டு எழுத்து விமான நிறுவனம், மீதி ஐந்து இலக்கம். அது இல்லாமல் யாரும் எதையும் தேடமாட்டார்கள். போர்டிங் பாஸோடு ஒட்டித் தந்த டேக் சீட்டையும் கேட்பார்கள்.

1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேசப் பயணங்களில் கெடு இருக்கிறது. சேதமென்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததென்றால் 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் கொடுக்கவேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கொள்ளலாம். இடையில் வாங்கும் அவசியப் பொருள்களுக்கு ரசீது வையுங்கள்.

சீட்டில் விட்ட கண்ணாடி, பாதுகாப்புச் சோதனைத் தட்டில் விட்ட பெல்ட், காத்திருக்கும் இடத்தில் விட்ட புத்தகம் மூன்றும் ஒரே இடத்துக்குப் போகாது. முதலாவது விமான நிறுவனத்திடம், இரண்டாவது சோதனை நடத்தும் அமைப்பிடம், மூன்றாவது நிலைய நிர்வாகத்திடம். எங்கே விட்டோம் என்று யோசிப்பதைவிட, அந்த இடத்தை யார் கூட்டுகிறார்கள் என்று யோசியுங்கள்.

கேள்வி: தொலைந்ததா திருடினார்களா என்றே தெரியவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: "இத்தனை மணிக்குக் கையில் இருந்தது, இத்தனை மணிக்குப் பார்த்தபோது இல்லை, இடையில் இன்ன இன்ன இடத்தில் இருந்தேன்." காப்பீடு திருட்டுக்குக் கொடுத்து, தொலைத்ததற்குக் கொடுக்காமல் இருக்கலாம் என்பதற்காகத் திருட்டு என்று ஜோடிக்காதீர்கள். பொய்ப் புகார் தனிக் குற்றம், சிசிடிவி பார்த்தால் வெளியே வந்துவிடும். சிசிடிவி பதிவு புதியது வரவரப் பழையது அழிந்துபோகும். கடையோ நிலையமோ, "இந்தப் பதினைந்து நிமிடத்தைப் பத்திரப்படுத்துங்கள்" என்று அன்றே எழுதிக் கொடுங்கள். உங்களுக்குக் காட்ட மறுத்தாலும் பரவாயில்லை, காவல்துறை கேட்கும்போது இருக்கவேண்டும்.

கேள்வி: பையில் ட்ராக்கர் போட்டிருக்கிறேன். ஓர் அடுக்குமாடியில் புள்ளி நிற்கிறது. நேரே போய்க் கேட்கட்டுமா?

பதில்: வேண்டாம். பக்கத்தில் போகிறவர்களின் போன்கள் தரும் இடத்தைத்தான் அது காட்டுகிறது. புள்ளி சில வீடு தள்ளியும் இருக்கலாம், எந்த மாடி என்பது தெரியவே தெரியாது. நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல்துறையிடம் கொடுங்கள். பஸ்ஸில் விட்ட பையின் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால் அது இன்னும் அந்த வண்டியிலேயே இருக்கலாம். ராத்திரி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், அது டிப்போவாக இருக்கலாம்.

கேள்வி: குடைக்கெல்லாம் புகார் கொடுப்பார்களா?

பதில்: கொடுங்கள். கைப்பிடியில் அடையாளம் இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் மழை நின்ற மறுநாள் அங்கே இருக்கும் குடைக் குவியலில் உங்களுடையதை நீங்களே அடையாளம் காண்பது கஷ்டம்.

கேள்வி: மாற்றிக் கேட்கிறேன். வழியில் ஒரு போன் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். ஆஃப் செய்து வைத்துவிடவா?

பதில்: ஆஃப் செய்யாதீர்கள், சிம்மையும் கழற்றாதீர்கள். சார்ஜில் போட்டு வையுங்கள், தொலைத்தவர் கூப்பிடுவார். கூப்பிடுகிறவர் சொந்தக்காரர்தானா என்று பார்க்க, பின்பக்க உறை எப்படி இருக்கும், லாக் திரையில் என்ன படம் என்று கேளுங்கள். யாரும் கூப்பிடாவிட்டால் இன்றைக்கே கிடைத்த இடத்தின் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பல நாடுகளில் கிடைத்த பொருளை ஒப்படைக்காமல் வைத்துக்கொள்வதே குற்றம். ஜப்பானில் ஒப்படைத்தவருக்குப் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம்வரை வெகுமதி கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 3 மாதத்துக்குள் சொந்தக்காரர் வராவிட்டால் பொருளே ஒப்படைத்தவருக்கு வரலாம். அங்கேயும் போனும் அடையாள அட்டையும் அப்படிக் கைக்கு வராது, உள்ளே இருப்பது இன்னொருவருடைய தகவல் ஆயிற்றே.