கதவில் எழுதும் ‘கருப்பி’

கேள்வி: ஓவியம் படிக்கும் மாணவி நான். சின்ன வயதிலிருந்து எல்லாரும் என்னைக் ‘கருப்பி’ என்றே கூப்பிடுகிறார்கள். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கிளென் லைகனைப் போல அந்தச் சொல்லையே ஒரு பழைய மரக்கதவில் ஸ்டென்சில் (எழுத்து வடிவம் வெட்டிய தகடு) வைத்து வரிவரியாக எழுதினேன். ஐந்தாவது வரியிலேயே எனாமல் பெயின்ட் அப்பிக்கொண்டது. எங்கே தப்பு? இது காப்பி அடிப்பதாகுமா?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: அப்பிக்கொண்டது தப்பில்லை, சீக்கிரம் அப்பிக்கொண்டதுதான் தப்பு. லைகன் 1990-இல் செய்த கதவு 80 அங்குல உயரம், 30 அங்குல அகலம். கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1928-இல் எழுதிய கட்டுரையின் ஒரு வாக்கியம் அதில் திரும்பத் திரும்ப வரும்: கூர்மையான வெள்ளைப் பின்னணியில் எறியப்படும்போதுதான் என் கருமையை நான் அதிகம் உணர்கிறேன் என்பது அதன் பொருள். மேல்வரிகள் பளிச்சென்று இருக்கும். கீழே போகப் போக ஸ்டென்சிலில் படிந்த கருப்பு அடுத்த எழுத்தில் ஒட்டி, வாக்கியம் கரைந்துபோகும். மேல்வரிகளைத் தெளிவாகப் படித்தவருக்குத்தான் அந்தக் கரைதல் உறைக்கும்.

எனாமல் இளகிய பெயின்ட். ஸ்டென்சிலுக்கு அடியில் ஓடிவிடும், தின்னர் கலந்தால் இன்னும் மோசம். லைகன் எடுத்தது ஆயில் ஸ்டிக், அதாவது குச்சியாக வரும் கெட்டி எண்ணெய் வண்ணம். கிடைக்காவிட்டால் ட்யூப் ஆயில் கலரைச் செய்தித்தாளில் பிதுக்கி 3, 4 மணி நேரம் விடுங்கள். தாள் எண்ணெயை உறிஞ்சி, வண்ணம் இறுகும். குட்டை மயிர்ப் பிரஷில் கொஞ்சமாகத் தொட்டு, நேராகக் குத்துங்கள், இழுக்காதீர்கள். ஆயில் பேஸ்டல் வேண்டவே வேண்டாம், அது முழுசாகக் காயாது.

இப்போது இருக்கும் பெயின்ட்மேல் அப்படியே ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசினால் பொறுக்குத் தட்டி உரியும். வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலரத் தேய்க்கக் கூடாது. மாஸ்க் கட்டாயம். பிறகு ஜெஸ்ஸோ 3 கோட்.

ஸ்டென்சிலுக்கு அட்டை ஆகாது, எண்ணெயில் ஊறிவிடும். பழைய எக்ஸ்ரே பிலிமில் எழுத்துக்கு ஒன்றாக வெட்டுங்கள். க, ச, த, ம போன்றவற்றின் மூடிய வளையத்தில் 2 மில்லிமீட்டர் பாலம், அதாவது வெட்டாத இணைப்பு, விடாவிட்டால் நடுத்துண்டு கழன்று விழும். தமிழில் ‘கி’ போன்றவற்றுக்கு மேலே விசிறியும் ‘கு’ போன்றவற்றுக்குக் கீழே கொக்கியும் உண்டு. 1 அங்குல எழுத்துக்கு வரிக்கு 2 அங்குலம் ஒதுக்குங்கள். 80 அங்குலக் கதவில் மேலும் கீழும் 3 அங்குலம் விட்டால் 37 வரி வரும். முதல் 12 வரிக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டென்சிலைத் துடையுங்கள், அடுத்த 12-க்கு வரி முடிந்ததும் ஒரு தடவை. அதற்குக் கீழே துடைக்கவே வேண்டாம்.

ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதினால் கூப்பிட்டவர்கள் குரல்தான் கதவில் இருக்கும், உங்கள் குரல் இருக்காது. ‘நான்’ வருகிற வாக்கியம் தேடுங்கள். “ஏ கருப்பின்னா நாந்தான் திரும்பணும்” என்பதுபோல, வீட்டுப் பேச்சிலேயே இருக்கட்டும். லைகனே வாக்கியத்தை இன்னொருவரிடமிருந்து எடுத்தவர், ஆகவே முறையைக் கடன் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் ஹர்ஸ்டனின் வரியை அப்படியே தமிழில் எழுதினால் ஒட்டாது. அங்கே பேச்சு இனத்தைப் பற்றியது. இங்கே ஒரு பெண்ணின் நிறத்தைச் சொல்லும்போது அதற்குள் சாதி பற்றிய ஊகமும் கல்யாணச் சந்தையும் சேர்ந்தே வருகின்றன.

இன்னொன்று. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு உருவம் இல்லை. சந்தனம் பூசிய கதவைத்தான் கும்பிடுகிறோம். உங்களைக் கேலி செய்த சொல்லின் ஆண்பால்தான் அங்கே சாமியின் பெயர். மதுரைக்காரர் உங்கள் கதவைப் பார்த்ததும் அந்தக் கதவு மனசில் வரும், தடுக்க முடியாது. ஆகவே வெள்ளைத் தளமா, சந்தன நிறத் தளமா என்பதை ஜெஸ்ஸோ டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நாங்கள் சந்தனத்தையே சொல்வோம். வெள்ளைத் தளம் என்பது லைகனின் கேள்வி, அதற்கான கதவை அவர் செய்துவிட்டார்.