கையில் வருவது குறையும் என்றால் நிரந்தர வேலை வேண்டாமா?

கேள்வி: வணக்கம். எனக்கு 36 வயது. ஒரு நிறுவனத்தின் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். நாலு வருடமாக ஒரே இடம், ஒரே வேலை. ஆனால் சம்பளம் தருவது ஏஜென்சி. 11 மாதம் கான்ட்ராக்ட், அப்புறம் ஒரு மாதம் சம்பளமில்லாத பிரேக், மறுபடி 11 மாதம். இப்போது நிறுவனமே என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. பிடித்தம் போக, இப்போது வாங்குவதைவிட 16 சதவீதம் குறைவாகத்தான் கையில் வரும். கூட வேலை பார்ப்பவர்கள், "கையில வர்ற காசை விடாதே" என்கிறார்கள். என் மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில், கூப்பிட்டால் போகும் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். சில வாரம் ஆறு நாள், சில வாரம் ஒரு நாள். இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடன் வாங்கவும் யோசிக்கிறோம். போன வருடம் காய்ச்சலோடு வேலைக்குப் போனேன். லீவு எடுத்தால் புதுப்பிக்க மாட்டார்களோ என்று பயம். நான் என்ன செய்வது? வேலைக் கடிதத்தின் நகலையும் போன வருடக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: நிரந்தர வேலைக்குப் போங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவை என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பர்களின் கணக்கு எங்கே தவறுகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்த 16 சதவீதம்தான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

இப்போதைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர வேலையில் கையில் வருவது 84. மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டால் நண்பர்கள் சொல்வது சரிதான். வருடத்தை வருடத்தோடு ஒப்பிடுங்கள். இப்போது உங்களுக்கு 11 மாதச் சம்பளம்தான் வருகிறது: 1,100. உடம்பு முடியாமலும் வீட்டு விசேஷத்துக்கும் 10 நாள் சம்பளம் போனதாக உங்கள் கணக்கில் இருக்கிறது. மாதத்துக்கு 25 வேலைநாள் என்றால் அதில் 40 போய்விட்டது. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு நீங்களே கட்டிய பிரீமியம் 30. மிச்சம் 1,030. நிரந்தர வேலையில் 84 வீதம் 12 மாதம், 1,008. லீவு நாட்களுக்கான சம்பளம் இதற்குள்ளேயே இருக்கிறது. காப்பீட்டை நிறுவனம் கட்டுகிறது. ஆக, உண்மையான குறைவு 22. ஏறக்குறைய 2 சதவீதம்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். 1,030-ஐ 12 மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் 86 வருகிறது. அதாவது இப்போதும் நீங்கள் 100-ல் வாழவில்லை, 86-ல்தான் வாழ்கிறீர்கள். உங்கள் கணக்கில் உள்ளபடி, பிரேக் மாதத்தில் மைத்துனரிடம் கைமாற்று வாங்கி, அடுத்த நாலு மாதம் அதை அடைக்கிறீர்களே, அதனால்தான் அது கண்ணில் படவில்லை.

இனி பிடித்தம். உங்கள் சம்பளத்தில் மாதம் 8 பிடித்து ஓய்வுக்கால நிதியில் போடுகிறார்கள். அதே அளவு 8 நிறுவனமும் போடுகிறது. இரண்டும் உங்கள் கணக்குக்குத்தான் போகின்றன: வருடத்துக்கு 192. அதையும் சேர்த்தால் நிரந்தர வேலை 1,200, கான்ட்ராக்ட் வேலை 1,030. அந்த 192-ஐ எடுத்துப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் உங்கள் வயதில் ஓய்வுக்காலத்துக்கென்று ஒரு காசுகூடச் சேராமல் நாலு வருடம் போயிருக்கிறது. எனக்குக் கவலை தருவது இதுதான், 16 சதவீதம் இல்லை. வரியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் வருமானத்துக்கு அது இரண்டு பக்கமும் வராது என்று கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

சரி, அப்படியென்றால் கான்ட்ராக்டில் எவ்வளவு வாங்கினால் சமமாக இருக்கும்? இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மாதம் 116 வர வேண்டும். நிரந்தர வேலையின் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளமான 92-ஐவிட அது 26 சதவீதம் கூடுதல். சில நாடுகளில் இந்தக் கூடுதலை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தற்காலிகப் பணியாளருக்குப் பொதுவாக மணிக்கூலியில் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். சம்பளத்தோடு கூடிய விடுப்பு போன்றவை இல்லாததற்கு ஈடு அது. உங்கள் 26-ம் அவர்களின் 25-ம் பக்கத்தில் வந்தது தற்செயல்தான், அங்கே ஓய்வுக்கால நிதிக்கான முதலாளியின் பங்கு தற்காலிகப் பணியாளருக்கும் தனியாகப் போகிறது. பிரான்சில் குறித்த கால ஒப்பந்தம் முடியும்போது, அதுவரை தந்த மொத்தச் சம்பளத்தில் பொதுவாக 10 சதவீதம் தர வேண்டும். அதே ஆளை நிரந்தரமாக்கிவிட்டால் அதைத் தர வேண்டியதில்லை. நிச்சயமின்மைக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள் இவை. உங்களுக்கு அந்த விலையை யாரும் தரவில்லை. தந்ததுபோல் ஒரு தோற்றம் மட்டும் இருக்கிறது.

கான்ட்ராக்ட் வேலையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அரிதான திறமை உள்ளவர், நாலு இடத்தில் கேட்பார் உள்ளவர், தன் விலையைத் தானே சொல்பவர், இவர்களுக்கு அது நல்ல பிழைப்பு. நான் பார்க்கும் ஒரே விஷயம், வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பதுதான். காய்ச்சலோடு ஷிஃப்டுக்குப் போகிறவர் அந்த நிலையில் இல்லை.

அந்தக் காய்ச்சலைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள், நானும் அதை மருத்துவர் வேலை என்று விட்டுவிட முடியாது. புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் இருப்பவர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார். பழுதான ஏணியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கூடுதல் நேரக் கூலி வரவில்லை என்றாலும் கேட்க மாட்டார். வேலையில் அடிபட்டால் வீட்டில் விழுந்துவிட்டேன் என்பார். இதெல்லாம் கடைசியில் வீட்டுப் பணமாகத்தான் கழியும். நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும் பாதுகாப்புப் பயிற்சி ஏஜென்சி ஆட்களுக்குப் பல இடங்களில் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. நிறுவனம் ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சி நிறுவனத்தைக் கைகாட்டும்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் சட்டம் பற்றிப் பொதுவாகத்தான் சொல்ல முடியும். அந்த ஒரு மாத பிரேக் சும்மா வந்ததல்ல. பல நாடுகளில் பணிக்கொடை (வேலையை விடும்போது நிறுவனம் தரும் மொத்தத் தொகை), வேலைப் பாதுகாப்பு போன்றவை தொடர் பணிக்காலத்தைப் பொறுத்தவை. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பொதுவாக 5 ஆண்டுத் தொடர் பணியைக் கேட்டது. தென்கொரியாவில் குறித்த கால ஒப்பந்தத்துக்கு 2 ஆண்டு வரம்பு. ஜப்பானில் 2013-இல் வந்த விதிப்படி, ஒப்பந்தங்கள் சேர்ந்து 5 ஆண்டைத் தாண்டினால் நிரந்தர ஒப்பந்தம் கேட்கும் உரிமை உண்டு. 5 ஆண்டு நெருங்கும்போது ஆளை அனுப்பிவிடும் வழக்கமும் கூடவே வந்தது. எங்கே கோடு போட்டாலும் அதற்கு ஒரு அடி முன்னால் நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. உலகத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒன்று, வேலை உறவைத் தாளில் உள்ள பெயரை வைத்து அல்ல, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது. அதனால் உங்கள் நாலு வருடச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, மேலாளர் அனுப்பிய வேலை உத்தரவுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நிரந்தரமான பிறகும் தூக்கிப் போட வேண்டாம்.

எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. நியமனக் கடிதம் யார் பெயரில் வருகிறது? நிறுவனமா, அல்லது ஏஜென்சியே "நிரந்தரம்" என்று ஒரு புதுத் தாள் தருகிறதா? நீங்கள் அனுப்பிய நகலில் முதல் பக்கம் இல்லை. அதில்தான் இது இருக்கும். கழிந்த நாலு வருடம் பணிக்காலத்தில் சேருமா? பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள், விடுப்புக் கணக்குக்காவது சேர்க்கச் சொல்லுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அந்தக் காலத்தில் எத்தனை நாள் நோட்டீஸில் அனுப்பலாம்? மருத்துவக் காப்பீடு முதல் நாளிலிருந்தா, தகுதிகாண் காலம் முடிந்த பிறகா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை உங்கள் சொந்தக் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக்கூடும். ஏஜென்சி தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால், விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் வாங்குங்கள். ஏஜென்சியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் முதலில் அதை அடையுங்கள். முன்பணம் வாங்கியவர் ஏஜென்சியை விட்டு நகர முடியாமல் கட்டுண்டு கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவியின் வருமானத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அவருக்கு இரண்டே வாக்கியம்தான், ஆனால் வீட்டின் ஆட்டம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கடந்த 12 மாதம் அவருக்கு வந்ததை மாதவாரியாக எழுதுங்கள். அதில் மிகக் குறைந்த மூன்று மாதத்தின் சராசரி எவ்வளவோ, அதுதான் அவர் சம்பளம் என்று நினைத்து வீட்டை நடத்துங்கள். அதற்கு மேல் வருவது தனிக் கணக்கில் போகட்டும், வந்த அன்றே. வாடகை, பிரீமியம், பள்ளிக் கட்டணம் போன்ற தவறக் கூடாத செலவுகள் உங்கள் 84-க்குள் அடங்க வேண்டும். சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து மாதிரி கூட்டிக் குறைக்கக்கூடிய செலவுகள் அவர் பணத்தில் போகலாம். அவசர நிதிக்கு மூன்று மாதச் செலவு போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது இரண்டு பேருக்கும் நிலையான சம்பளம் வரும் வீட்டுக்கு. உங்களுக்கு ஆறு மாதம் வேண்டும். ஒரே நாளில் சேராது, ஒன்றரை இரண்டு வருடம் ஆகலாம், பரவாயில்லை.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். மருத்துவமனைச் சலவைத் துணியில் ஊசி கிடப்பது அந்த வேலையில் தெரிந்த ஆபத்துதான். குத்திவிட்டால் அடுத்த ஷிஃப்டுக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று மறைக்கக் கூடாது. உடனே கழுவி, அன்றே எழுத்தில் பதிவு செய்து, மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பதிவு இல்லாவிட்டால் பின்னால் நஷ்டஈடு கேட்பதும் கடினமாகிவிடும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள், அவர்கள் இழுத்தடித்தால் சொந்தக் காசில் போட்டுவிடுங்கள். அங்கே கூப்பிட்டால் வரும் ஆட்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். தடுப்பூசி, கையுறை, ஷிஃப்டை முந்தின வாரமே சொல்வது போன்றவற்றைப் பத்துப் பேரும் சேர்ந்தோ சங்கம் மூலமாகவோ கேட்டால், ஒருவரைக் குறிவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

கடைசியாக வீட்டுக் கடன். இப்போது வேண்டாம். 11 மாதத் தாளை வைத்து 20 வருடக் கடன் தர நல்ல வங்கிகள் தயங்கும். தயங்காமல் தருகிறவர் வட்டியில் பிடித்துக்கொள்வார். தகுதிகாண் காலம் முடிந்து, பணி உறுதிக் கடிதம் கைக்கு வரட்டும். அதுவரை, தவணை எவ்வளவு வரும் என்று நினைக்கிறீர்களோ அந்தத் தொகையிலிருந்து வாடகையைக் கழித்து, மிச்சத்தை மாதாமாதம் அவசர நிதியில் போட்டுப் பாருங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும், மனைவியின் பணத்தைத் தொடாமல். ஒரு வருடம் இதைத் தவறாமல் செய்ய முடிந்தால், அந்தக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள். எவ்வளவு கடன், எத்தனை வருடம் என்று அப்போது பார்க்கலாம். நடுவில் இரண்டு மாதம் தவறினால், கடன் தொகையைக் குறைத்து எழுதுங்கள்.