வாடகைக்கு இயந்திரம் விடும் கம்பெனியின் பங்கு, பி.இ. 8தான்: வாங்கலாமா?

"பி.இ. வெறும் 8, மூன்று வருடமாக லாபம் ஏறுகிறது, எபிட்டா பாதிக்குப் பாதி, ஆனாலும் ஏன் யாரும் சீண்டவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். (புதியவர்களுக்கு: பி.இ. என்றால் பங்கின் விலை, ஒரு பங்குக்கு வரும் வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. எபிட்டா என்றால் வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம். இங்கே அது வரவில் பாதி.) சம்பளம் வந்த முதல் வாரம், கையில் கொஞ்சம் பணம், பங்குகளை வடிகட்டும் ஸ்க்ரீனர் தளத்தில் எடுத்த பட்டியல். சரிதானே? நானும் அப்படித்தான் வாங்கினேன். விவரம் தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

ஏனென்றால் மணலியில் ஒரு கிரேன் யார்டில் 11 வருடம் பில் போட்டவன் நான். ஹைட்ரா என்கிற சின்ன கிரேன் ஒன்பது, பெரிய கிரேன் மூன்று, ஒரு டிரெய்லர். ரிஃபைனரியில் ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவது, என்றால் ராத்திரி பகல் கிடையாது, வெளியிலிருந்து வண்டி எடுத்து விடுவோம். ஷட்டவுன் முடிந்ததும் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து நிற்கும், கிரேனின் நீளக் கையான பூம் மேல் காக்கா உட்காரும். ஆபரேட்டர் சம்பளம் ஓடும், தவணை ஓடும், இன்சூரன்ஸ் ஓடும். வண்டி மட்டும் ஓடாது.

ஒரு கணக்கு, உதாரணத்துக்குத்தான். கிரேன் விலை 1 கோடி, மாத வாடகை 2.5 லட்சம். வருடத்தில் 80% நாள் வேலை இருந்தால் வரவு 24 லட்சம். ஆள், பராமரிப்பு, இன்சூரன்ஸ் 6 லட்சம். 70 லட்சம் கடனுக்கு 10% வட்டி 7 லட்சம். தேய்மானம், அதாவது வண்டி விலையில் அந்த வருடம் தேய்ந்ததாகக் கழிப்பது, சுமார் 6.3 லட்சம். லாபமாக நிற்பது 4.7 லட்சம். இப்போது 80ஐ 60 ஆக்குங்கள். வரவு 18 லட்சம், செலவு அதேதான். 1.3 லட்சம் நஷ்டம்! நீங்கள் பார்த்த 8 எந்த வருட லாபத்தை வைத்துப் போட்டது? வண்டியெல்லாம் வெளியே இருந்த வருடம் என்றால் அது மலிவே இல்லை.

எபிட்டாவைக் காட்டி மயக்குவது இந்தத் தொழிலில் சுலபம். வட்டியும் தேய்மானமும் கழிக்கும் முன் எண்ணினால் யார் வேண்டுமானாலும் பணக்காரர்தான். தேய்மானத்திலும் ஒரு சங்கதி உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 100 டன்னுக்கு மேற்பட்ட கிரேனுக்கு 20 வருட ஆயுள் தருகிறது, அதற்குக் கீழே 15, மண் தோண்டும் இயந்திரத்துக்கு 9. தகுந்த காரணம் காட்டி கம்பெனி வேறு ஆயுளும் வைத்துக்கொள்ளலாம். ஆயுளை நீட்டினால் வருடத் தேய்மானம் குறையும், அந்த வருடமே லாபம் கூடும். ஒரு கிரேன்கூடக் கூடுதலாக வேலைக்குப் போயிருக்காது.

என் கதைக்கு வருகிறேன். நான் வாங்கிய கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். வீட்டுக்காரி சீட்டு எடுத்த பணம், 1,80,000 ரூபாய். ஒரு நாள் யார்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மூத்த ஆபரேட்டர் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், அந்தக் கம்பெனி வண்டி நாலு நம்ம டீக்கடை எதிர்லயே ஆறு மாசமா நிக்குது. டயரைச் சுத்திப் புல்லு மொளச்சிக்கீது. நீ பாக்கவே இல்லியா?"

தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவேன். மஞ்சள் பெயின்ட், கேபின் கதவில் பெயர், எல்லாம் தெரியும். கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை. அதற்குப் பிறகும் நான் விற்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. நாலு வண்டியை வைத்து இந்தியா முழுக்க இருக்கும் கம்பெனியை எடைபோடலாமா என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். நீங்களும் இப்போது அதையே சொல்வீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த நாலு வண்டியைப் பார்த்தாவது ஆண்டறிக்கையைப் புரட்டியிருக்கலாம். வரவேண்டிய பாக்கியில் ஆறு மாதம் தாண்டியது வருடா வருடம் வீங்கிக்கொண்டே வந்திருந்தது.

பில் வேறு, பணம் வேறு. இது பில் போட்டவனுக்குத் தெரியாதா? வண்டி ஓடிய நேரம் எழுதும் லாக் ஷீட்டில் சைட் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்க மூன்று நடை. "மழை பெய்த ரெண்டு நாள் ஐடில், அதுக்குத் தர மாட்டோம்" என்பார்கள். பில் போட்ட அடுத்த மாதமே 18% ஜிஎஸ்டியை நாங்கள் கட்டியாக வேண்டும், பணம் ஐந்து மாதம் கழித்து வரும், இல்லை வராது. இப்போது 2021-22 கணக்கிலிருந்து பாக்கியை வயது வாரியாகப் பிரித்து அறிக்கையில் போடச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை முதலில் திறங்கள். கடைசியில் 62,000 ரூபாய்க்கு விற்றேன். வீட்டில் இன்றைக்கும் சீட்டு என்ற வார்த்தை வந்தால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன்.

அடுத்தது, யாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்பது. பட்டியலிட்ட கிரேன் கம்பெனிகளில் பெரியது புனேயின் சங்வி மூவர்ஸ். (நான் வாங்கியது இது இல்லை.) அவர்களுக்குக் காற்றாலை வேலைதான் பெரிய வரும்படி. 2017இல் காற்றாலைக்கு ஏலமுறை (குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம்) வந்து முதல் ஏலத்திலேயே மின்சார விலை யூனிட் 3.46 ரூபாய்க்கு இறங்கியது, புது காற்றாலை நடுவது படுத்துவிட்டது. அடுத்த சில வருடம் அவர்கள் நஷ்டம் காட்டினார்கள், பிறகு மீண்டார்கள். கிரேனில் எந்தக் கோளாறும் இல்லை, வாடகைக்கு எடுத்தவர்களின் தொழில் மாறியது, அவ்வளவுதான். எத்தனை சதவீதம் வண்டி வேலையில் இருக்கிறது, வண்டி விலையில் மாதம் எத்தனை சதவீதம் வாடகை வருகிறது, இந்த இரண்டையும் முதலீட்டாளருக்குச் சொல்லும் கம்பெனியா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் நான் தொடமாட்டேன். பழைய வண்டி விற்ற லாபம் இதர வருமானத்தில் ஒளிந்திருந்தால் அதையும் கழித்துவிடுங்கள்.

"கிளார்க்குக்கு என்ன பங்குச்சந்தை தெரியும்" என்று யாராவது கிளம்புவார்கள். தெரியாது சாமி. பங்கு ஆலோசனை சொல்ல, சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவும் இல்லை. தொலைத்த பணம்தான் தகுதி.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒருவரிசையாக நிற்கும்போது பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து டூவீலரில் பள்ளிக்கூடம் போய்ப் பாருங்கள். துறைமுகம் வளர்கிறது, நல்ல சேதி, பங்கு ஏறும் என்று எழுதுகிற யாரும் அந்தப் புழுதியைத் தின்றதில்லை.

உங்கள் கம்பெனியின் கடைசி இரண்டு வருடப் பாக்கிப் பட்டியலையும் கடன் தொகையையும் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் பதில் வரும். அதுவரை லாரிக்கு நடுவில் இருப்பேன்.