வாசகர் கேள்வி – பதில்: பவளப்பாறைகளிடையே

கேள்வி: ஸ்கூபா பயிற்சி முடித்து மூன்று முறை பவளப்பாறைகளிடையே மூழ்கியிருக்கிறேன். உடன் வந்த பயிற்சியாளர் பார்த்ததில் பாதிகூட என் கண்ணில் படவில்லை. சிலிண்டரில் காற்றும் எனக்கே முதலில் தீர்ந்துபோகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான், அவசரம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்காகிவிடுவதால், அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து இரு மடங்கு காற்று செலவாகிறது. கையையும் காலையும் வீசி நீந்தினால் மூச்சு வாங்கி அந்தச் செலவு மேலும் கூடும்; மீன்களும் மிரண்டு இடுக்குகளில் பதுங்கிவிடும். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடும் ஆசையை விட்டு, பாறையிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி 5 நிமிடம் அப்படியே மிதந்து பாருங்கள்.

பெரிய களவா மீன் ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்க, விரல் நீளமே உள்ள நீலக் கோடிட்ட துப்புரவு மீன் அதன் வாய்க்குள் நுழைந்து, ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றுவிட்டுச் செவுள் வழியே வெளியே வரும். விழுங்கிவிட நொடிப்பொழுது போதும். ஆனாலும் களவா பொறுமையாக நிற்கும். கிளிமீன் அலகால் பாறையைச் சுரண்டும் கறகற ஓசை தெளிவாகக் கேட்கும்; அது விழுங்கிய சுண்ணாம்பு அரைபட்டு, பின்னர் வெண்மணலாகக் கழிந்து நீரில் புகைபோல் இறங்கும்.

ஓர் எச்சரிக்கை: காற்றை மிச்சப்படுத்துவதற்காக மூச்சை அடக்கக் கூடாது. அடக்கியபடி சிறிது மேலே எழுந்தாலும், உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடலாம். நிதானமாக, நீளமாக மூச்சு விடுங்கள், அதுவே சிக்கனம்.

கேள்வி: படங்களில் காணும் சிவப்பு, நேரில் ஏன் தெரிவதில்லை?

பதில்: கடல்நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. ஆழத்தில் கை கீறி ரத்தம் வந்தால் அதுகூடப் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நீரோட்டம் இழுக்கும்போது, கையுறை அணிந்து பவளத்தைப் பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கையுறை காப்பது உங்கள் கையைத்தான், பவளத்தை அல்ல. நாம் பாறை என்று சொல்வதன் மேற்பரப்பு, சுண்ணாம்புக் கூட்டின்மீது மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் உயிர்களின் கூட்டம். அழுத்திப் பிடித்தால் அந்தத் தோல் நசுங்கிவிடும், உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. நீரோட்டத்தை எதிர்த்துப் போராடாமல், பயிற்சியாளருக்குச் சைகை காட்டிவிட்டு அவருடன் சேர்ந்து அதன் போக்கில் செல்வதே நல்லது. வேறு வழியே இல்லையென்றால், உயிரற்ற வெறும் பாறை முனையை ஒரு விரலால் பற்றலாம். ஆனால் முதலில் நன்றாக உற்றுப் பாருங்கள்: பாசி படிந்த கல்லைப்போலவே கிடக்கும் கல்மீனின் முதுகு முட்களில் கடும் நஞ்சு உண்டு, கையுறையையும் அவை துளைத்துவிடும்.