சான் டியாகோவில் முதல் தடவை தூண்டில் பிடிக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியைப் படித்தேன். அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு படகைச் சார்ட்டர் எடுத்து அரை நாள் கடலில் மீன் பிடிக்கப் போகிறோம், யாருக்கும் பழக்கமில்லை, எந்தப் படகு, எவ்வளவு ஆகும், என்ன மீன் மாட்டும், என்ன கொண்டு போகணும் என்று கேட்டிருக்கிறாய். நான் இப்போது லீவில் மதுரை திருநகர் வீட்டில்தான் இருக்கிறேன். விஷயம் உங்கம்மா காதுக்கும் போய்விட்டது. காலையில் பால் வாங்கும் இடத்தில் பிடித்துக்கொண்டார். "வேலைக்குத்தானே போனான், கடலுக்கு எதுக்குப் போறான்?" என்றார். அவருக்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டேன்.

முதலில் சார்ட்டரை விடு. சின்னப் படகை மொத்தமாக எடுத்தால் பெரும்பாலும் ஆறு பேர் வரைதான் ஏற்றுவார்கள். காசும் அதிகம், ஆட்டமும் அதிகம். பாயிண்ட் லோமாவிலும் மிஷன் பேயிலும் உள்ள படகுத்துறைகளில் ஓப்பன் பார்ட்டி என்று ஆளுக்கு ஒரு டிக்கெட் போட்டு ஏற்றும் பெரிய படகுகள் இருக்கின்றன. தூண்டில் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். காலைப் படகில் போ, மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும். பதினாறு வயது ஆன ஒவ்வொருவருக்கும் கலிஃபோர்னியா மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். ஒருநாள் லைசென்ஸ் போதும், ஆன்லைனிலேயே வாங்கலாம். ஃப்ளோரிடாவில் இருக்கிற கூட்டாளி யாராவது "படகுக்காரன் லைசென்ஸே நமக்கும் சேர்த்துத்தான்" என்பான். அங்கே சரி, இங்கே செல்லாது. கொரோனாடோ தீவுப் பக்கம் போகும் படகில் ஏறாதே. அது மெக்சிகோ கடல். பாஸ்போர்ட், அந்த நாட்டு அனுமதி எல்லாம் வேண்டும். புதிதாக விசாவில் வந்தவனுக்கு எதற்கு அந்த வம்பு?

இனி வயிற்றுக்கு வருகிறேன். நீ கேட்காத விஷயம், ஆனால் இதுதான் முக்கியம்.

மதுரைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய். மேலூர்ப் பக்கம் என் அம்மாச்சி ஊரில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் மொத்தமும் ஊத்தாக் கூடையும் வலையுமாக ஒரே ஓட்டமாக உள்ளே இறங்கும். ஊத்தாவைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி விராலை இழுத்த கை இது. அந்தத் தைரியமெல்லாம் பசிபிக்கில் பலிக்காது. படகு ஓடும்போதுகூடத் தாங்கலாம், இன்ஜினை நிறுத்தி மீனுக்காகக் காத்து நிற்கும்போதுதான் குடலைப் புரட்டும். கொடைக்கானல் பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிற ஆட்கள் நாம், மறந்துவிடாதே.

மருந்துக்கடையில் சீட்டில்லாமலே மெக்லிசின் மாத்திரை கிடைக்கும். உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அங்கேயே கேட்டுக்கொண்டு, முந்தின ராத்திரி ஒன்று, கிளம்பும் முன் ஒன்று போடு. தூக்கம் வரலாம், அதனால் காரை நீ ஓட்டாதே. குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். படகின் நடுவிலோ பின்பக்கமோ வெளியில் நில். தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார். போனைப் பார்க்காதே, உள் அறையில் போய்ப் படுக்காதே. வந்தே தீரும் என்றால் காற்று முதுகில் அடிக்கிற மாதிரி நிற்கக்கூடிய பக்கத்துக் கைப்பிடிக்குப் போ. கழிப்பறைக்குள் போய் வாந்தி எடுப்பவனைப் படகில் ஒருத்தரும் மன்னிக்க மாட்டார்கள். போன வருஷம் நம்மூர்க் கோஷ்டி ஒன்று நெய் மிதக்க வெண்பொங்கலும் வடையும் அடித்துவிட்டு ஏறியது. பாதிப்பேர் தூண்டிலைத் தொடவே இல்லை.

அந்தக் கோஷ்டியைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. படகில் உதவிக்கு இருக்கும் பையன்களுக்கு டெக்ஹாண்ட் என்று பெயர். சிக்கெடுப்பது, மீனைக் கொக்கியால் தூக்குவது, திரும்பும்போது வெட்டித் துண்டு போடுவது எல்லாம் அவர்கள்தான். டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். நம் ஆட்கள் பலர் கரை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நைசாக நழுவுகிறார்கள். வருஷக்கணக்கில் அங்கே குப்பை கொட்டியும் கைசொடுக்கிக் கூப்பிடும் பழக்கம் போகாதவர்கள் இருக்கிறார்கள். அடுத்து ஏறுகிற இந்தியனுக்கு டெக்ஹாண்டின் கடுத்த முகம்தான் வரவேற்பு. நீ ஏறியதுமே பெயரைக் கேட்டுப் பேசு, புதுசு என்று சொல்லு. பக்கத்திலேயே நின்று சொல்லித் தருவான்.

இரை உயிரோடு இருக்கும் மத்தியோ நெத்திலியோ. கையை நனைத்துக்கொண்டு எடு. காய்ந்த கையில் பிடித்தால் செதில் வெள்ளி வெள்ளியாக உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரும். செதில் போன இரை சீக்கிரம் சாகும், செத்த இரையை மீன் அவ்வளவாகச் சீண்டாது. மூக்கில் குறுக்கே குத்து. மீன் மாட்டினால் அது போகிற பக்கமே நீயும் நகரு, நின்ற இடத்திலேயே இழுத்தால் பத்துப் பேர் நூலோடு சிக்கிக்கொள்ளும். சிவப்பாக, முள்ளை விரித்துக்கொண்டு ஸ்கல்பின் என்று ஒன்று வரும். கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று உனக்குத் தெரியும், இது விஷ முள். கழற்ற டெக்ஹாண்டைக் கூப்பிடு. குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வை.

என்ன மீன் மாட்டும் என்பதைப் போகிற அன்று கடல்தான் சொல்லும். காலிகோ பாஸ் என்கிற மீன் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும். ராக்ஃபிஷ் என்கிற மீனைப் படகில் போய்ப் பிடிக்க வருஷ ஆரம்பத்திலிருந்து மார்ச் முடியும்வரை தடை. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளை நிறுத்துகிறார்களே, அந்த மாதிரி.

நான் போன காலத்தில் கார் கிடையாது, சனி ஞாயிறு என்றால் நான்கு சுவர்தான். பக்கத்து வீட்டில் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிலிப்பினோ பெரியவர். அவர்தான் என்னை முதலில் படகுக்குக் கூட்டிப்போனார். டெக்ஹாண்ட் சதையை மட்டும் அரிந்துகொண்டு தலையையும் முள்ளையும் வீசுவான், பெலிக்கன் கூட்டம் பாய்ந்து கவ்வும். பெரியவர் அதைத் தடுத்து, தலையெல்லாம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டு சூப்பிலும் புளி, என் குழம்பிலும் புளி. இரண்டு சட்டியும் காலி. அமெரிக்க மீனில் ருசியே இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஐஸ் பெட்டியில் கிடந்ததை வாங்கித் தின்றுவிட்டுக் மதுரைக் கரிமேட்டு மீன் மார்க்கெட் மாதிரி வருமா என்பார்கள். நீ மறக்காமல் தலையைக் கேட்டு வாங்கு.

எவ்வளவு ஆகும் என்பதைப் படகுத்துறைகளின் இணையப் பக்கங்களிலேயே பார்த்துக்கொள், சீசனுக்குச் சீசன் மாறும். தூண்டில் வாடகை, மீன் வெட்டுகிற கூலி, டிப்ஸ் மூன்றையும் கூட்டிக்கொள். ஜூன் மாதமானாலும் காலையில் மேகம் மூடிக் குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கொள். வழுக்காத அடி உள்ள பழைய ஷூவாகப் பார்த்துப் போடு, புது வெள்ளை ஷூவெல்லாம் மீன் ரத்தத்துக்கு ஆகாது.